விழுந்த பந்துக்கு ஒரு ஆணி

“…மூணுதான் தம்பி. தொண்ணூத்தி மூணு. நூறுன்னு நீ எழுதினா அது உன் நூறு. என்னுது இல்ல.”

இப்படிச் சொன்னவர் எங்கள் தேயிலை பேக்டரியில் பெட்டி நிரப்பும் அறையில் வேலை பார்த்த அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். இருபத்திரண்டு வயதில் ஒரு காய்ச்சலில் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. அவர் ‘தம்பி’ என்றது என் கூடப் பிறந்த தம்பியை. மை தோய்த்த பிரஷைக் கையில் பிடித்தபடி அவன் அப்படியே நின்றுவிட்டான். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். நான் ஏன் குனிய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுமானால், உள்ளங்கை அளவு விளையாட்டு மெஷின் ஒன்று எங்கள் மலைக்கு வந்து சேர்ந்த கதையிலிருந்து சொல்லணும்.

எண்பதுகளின் முதல் வருஷங்கள் அவை. பேக்டரியில் எனக்குக் காம்பு பொறுக்குகிற வேலை. காய்ந்து வந்த தூளை நீள மேசையில் கொட்டிவிடுவார்கள். அதிலிருந்து சிவந்த காம்புகளை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து எடுக்கணும். எழுதப் படிக்க எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறு வருஷம் சொல்லிக் கொடுத்தது. பேச அந்த மேசைதான் சொல்லிக் கொடுத்தது. கைக்கு வேலை, வாய்க்கு விடுமுறை கிடையாது. யார் என்ன சொன்னாலும் அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொள்வது எனக்கு ஒரு வியாதி. சிலர் தபால்தலை சேர்க்கவில்லையா, அந்த மாதிரி.

அண்ணனிடம் சேர்த்ததுதான் அதில் அதிகம்.

அவர் வேலை எங்கள் மேசைக்கு அடுத்த அறையில். தேயிலைப் பெட்டியை அதிர்கிற ஒரு மேடைமேல் வைத்துவிட்டு மேலேயிருந்து தூளைக் கொட்டுவார்கள். குலுங்கக் குலுங்கத் தூள் இறுகி உட்காரும். எப்போது போதும் என்று சொல்வதுதான் வேலையே. கண் உள்ளவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், கையை விட்டு அமுக்குவார்கள், அப்புறமும் தப்பு வரும். அண்ணன் விரல் முட்டியால் பெட்டியின் விலாவில் இரண்டு தட்டு தட்டுவார். “இன்னும் ரெண்டு கை கேக்குது” என்பார். இரண்டு கை அள்ளிப் போட்டதும் மறுபடி தட்டுவார். “ஆச்சு. வயிறு நெறஞ்சிருச்சு.” தராசில் ஏற்றினால் எடை சரியாக நிற்கும்.

“எப்படிய்யா தெரியுது உனக்கு?” என்று ஒரு நாள் எடைக் கணக்கு எழுதுகிற கிராணி கேட்டார்.

“பசிச்ச வயித்தத் தட்டுனா ஒரு சத்தம், தின்ன வயித்தத் தட்டுனா ஒரு சத்தம் ஐயா. உங்க வயித்துல தட்டிக் காட்டவா?”

கிராணி தன் தொப்பையைத் தடவிக்கொண்டே ஆபீசுக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் மேசைப் பக்கம் வந்தபோதெல்லாம் யாராவது ஒருத்தி மேசையை இரண்டு தட்டு தட்டுவாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கைத்தடி வைத்துக்கொள்ளவில்லை, எண்ணிக்கொண்டு நடப்பார். லயத்து வாசலிலிருந்து பேக்டரி வாசல் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. நடுவில் ஒரு வாய்க்கால், அதன்மேல் பலகைப் பாலம், அப்புறம் முப்பத்தொரு படி. காலையில் எதிரே பார்த்து, “பசியாறியாச்சா அண்ணே?” என்று கேட்டால், “எரநூத்தி நாப்பது, ஆச்சு தங்கச்சி, எரநூத்தி நாப்பத்தொண்ணு” என்று பதில் சொல்லிக்கொண்டே போவார். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இவர் என்னவோ கடன் கணக்குச் சொல்கிறார் என்று பயமாக இருக்கும்.

என் தம்பிக்குக் காய்கறி லோரி ஓட்டுகிற வேலை. பக்கத்து ஊர் திரிங்காப்பில் கோஸ் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வரை போய் வருவான். லோரி ஓடாத நாளெல்லாம் தேத்தண்ணி நேரத்துக்கு எங்கள் பேக்டரியில்தான் கிடப்பான். அங்கே ஒரு கூட்டாளியிடம் இரவல் வாங்கி வந்ததுதான் அந்த மெஷின். “ஒரு மாசம் வெச்சுக்க, அப்புறம் கொண்டாந்துரு” என்று கூட்டாளி சொல்லி அனுப்பியிருந்தாராம்.

தீப்பெட்டி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான் இருக்கும். நடுவில் சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்குள் கறுப்பாக ஒரு பொம்மை மனுசன், அவன் தலைக்கு மேலே இரண்டு பந்து. ஒன்று உயரமாகப் போய்த் தூரத்தில் விழும். மற்றது தாழ்வாகப் போய்ப் பக்கத்தில் விழும். வலது பொத்தானை அழுத்தினால் பொம்மையின் இரண்டு கையும் நீளும். இடதை அழுத்தினால் மடங்கும். தூரப் பந்துக்குக் கை நீண்டிருக்கணும், கிட்டப் பந்துக்கு மடங்கியிருக்கணும். பந்து ஒவ்வொரு இடமாக நகர நகர ‘டிக், டிக்’ என்று சத்தம் வரும். பிடித்தால் ஒரு பாயிண்ட். விட்டால் பந்து தரையில் நசுங்கி, மெஷின் ‘ஙே’ என்று அழுதுவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான் விளையாட்டு.

இதற்கே பேக்டரி கிறுக்குப் பிடித்து ஆடியது. தேத்தண்ணி நேரத்தில் தேத்தண்ணி ஆறியது. விரிசல் விட்ட பெட்டி மூடி ஒன்றை என் தம்பி சுவரில் சாய்த்து வைத்து, பெட்டிகளுக்கு நம்பர் போடுகிற மையாலேயே யார் யார் எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தான். உச்சியில் அவன் பேர், இருநூற்றுச் சொச்சம். அடுத்தது இன்ஜின் பார்க்கிற பிட்டர். அதற்குக் கீழே காம்பு மேசைப் பெண் ஒருத்தி. அப்புறம் கொஞ்சம் இடம் விட்டு, எல்லாருக்கும் அடியில் எங்களை மேய்க்கிற கங்காணியம்மா, ஒன்பது.

“இந்தப் பொம்மைக்கு என் மாமியா புத்திடி,” என்றார் கங்காணியம்மா. “எவ்ளோ அமுக்குனாலும் கை நீள மாட்டேங்குது.”

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது அண்ணன் தன் பெட்டிமேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ நாள், கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“குடு தம்பி, நானும் பார்க்கிறேன்.”

கங்காணியம்மாதான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், “ஒனக்கு எதுக்குய்யா இந்தச் சனியன்? ஒண்ணும் தெரியாதே ஒனக்கு” என்றார்.

“எனக்கும் ரெண்டு கட்டைவிரல் இருக்கு கங்காணியம்மா.”

என் தம்பி கொடுத்தான். உடனே எங்களுக்கெல்லாம் பாசம் பொங்கிவிட்டது. பத்துப் பேர் சுற்றி நின்றுகொண்டு, அண்ணனுக்காக நாங்கள் கண்ணாகிவிட்டோம். உயரப் பந்து வந்தால் நான் “மேல, மேல!” என்று கத்தினேன். அதே பந்து இறங்குவதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் “கீழ வருது, கீழ!” என்று கத்தினாள். அண்ணன் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டார். ‘ஙே.’

“நீங்க ரெண்டு பேரும் பந்தப் பத்தித்தான் பேசுறீங்களா,” என்று கேட்டார், “இல்ல பிரிஞ்சாங் ரோட்டுல பஸ்ஸு ஏறுதா எறங்குதான்னு பேசுறீங்களா?”

அப்புறம் ‘நீட்டு’, ‘மடக்கு’ என்று இரண்டே சொல் வைத்துக்கொண்டு நான் ஒருத்தி மட்டும் சொன்னேன். பதினான்கு பிடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். “எழுதுடா” என்றேன் தம்பியிடம். அவன் பிரஷைத் தொடவில்லை.

“ரெண்டு பேரு வெளையாண்டத ஒரு பேருல எப்படி எழுதுறதுலா?” என்றான்.

பெண்கள் எல்லாரும் அவன்மேல் பாய்ந்தார்கள். மனுசனா நீ, மரமா நீ என்று ஒருத்தி கேட்டாள். அண்ணன்தான் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அவன் சொல்றதுதான் சரி. என்னையத் தூக்கிட்டுப் போயி உச்சியில எறக்கி விட்டுட்டு, மலை ஏறுனேன்னு சொல்லச் சொன்னா எப்படி? அதோட தங்கச்சி, நீ பார்த்து, வாயத் தொறந்து, நான் கேட்டு, அமுக்கி… அதுக்குள்ள பந்து கம்போங் ராஜா ஊருக்கே போய்ச் சேர்ந்துரும்.” பிறகு பலகை இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். “என் பேரு அதுல ஏறணும். நான் வெளையாண்டு ஏறணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பெட்டியைத் தட்டிவிட்டு ‘இன்னும் ரெண்டு கை’ என்பாரே, அந்தக் குரல் அது. மாசத்தில் பாதி அதற்குள் ஓடியிருந்தது.

மறுநாளிலிருந்து அண்ணன் விளையாடவில்லை, கேட்டார். யாராவது விளையாடும்போது பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இதுல ரெண்டு ஆளு இருக்காங்க. ஒண்ணு கோழிக்குஞ்சு, ஒண்ணு தவளை. நீங்க யாருமே சொல்லலையே?”

எங்களுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு! எங்களுக்கு எல்லாம் ஒரே ‘டிக் டிக்’தான். அவர் சொன்ன பிறகு உற்றுக் கேட்டேன். ஆமாம், உயரப் பந்து கொஞ்சம் மெல்லிசாகக் ‘கீக், கீக்’ என்கிறது. தாழ்ந்த பந்து ‘கொக், கொக்’. பதினைந்து நாளாகக் கண்ணை அகல விரித்துக்கொண்டு விளையாடிய அத்தனை பேரில் ஒருத்தர் காதிலும் அது விழவில்லை.

“குஞ்சு எத்தன தடவ கத்துனா கைக்கு வருதுன்னு எனக்குத் தெரியணும். தவளைக்கும் அப்படித்தான். அது தெரிஞ்சாப் போதும், எண்ணிருவேன்.”

ஓடுகிற பந்தை எண்ண என்னால் முடியவில்லை. ஆனால் மெஷின் சும்மா இருக்கும்போது அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பந்து நிற்கப்போகிற எல்லா இடமும் மங்கலாகத் தெரியும், கண்ணாடியில் மூச்சு பட்ட மாதிரி. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு துண்டுப் பலகையில் பென்சிலால் குறித்தேன். பெட்டி ஓரத்தில் தகரம் பிடிக்க அடிக்கிற குட்டி ஆணி பேக்டரியில் சாக்குச் சாக்காகக் கிடக்கும். குறித்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு ஆணி அடித்தேன். உயரப் பந்துக்கு ஒரு பெரிய வளைவு, தாழ்ந்த பந்துக்கு உள்ளே ஒரு சின்ன வளைவு. இரண்டும் போய் முடிகிற இடத்தில் பொதுவாக ஒரே ஆணி. குஞ்சுக்குப் பன்னிரண்டு, தவளைக்கு எட்டு.

அண்ணன் விரலை மேலே ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

“அட, இப்படியா போகுது? நான் பந்து நேரா மேல போயி நேராக் கீழ விழுதுன்னுல நெனச்சேன். இது பிரிஞ்சாங் ரோட்டு வளைவு மாதிரியில்ல இருக்கு!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வேலை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று நாள் அண்ணன் அந்த எண்ணிக்கையை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பெட்டி குலுங்கும்போதும் உதடு அசையும், கட்டைவிரல் காற்றில் அமுங்கும். தேத்தண்ணி நேரத்தில் மெஷினை வாங்கி உட்காருவார். முதல் பந்திலேயே ‘ஙே.’ மறுபடி ஆரம்பிப்பார். மறுபடி ‘ஙே.’ ஒன்றோ இரண்டோ தப்பித்தவறிக் கையில் மாட்டும், அவ்வளவுதான். எங்கள் பெண்கள் உதவி செய்யத் துடித்தார்கள். அவர் விடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அண்ணன் ஒரு பெட்டியைத் தட்டினார். சும்மா நின்றார். மூன்றாவது தட்டு தட்டினார். மூன்றாவது தட்டு தட்டி நான் பார்த்ததே இல்லை. “ஆச்சு… ஆச்சுன்னுதான் நெனைக்கிறேன்” என்றார். கிராணி தராசில் ஏற்றினார். குறைந்தது. பெட்டி திரும்பி வந்தது.

அண்ணன் மெஷினை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

“இது வேணாம் தங்கச்சி. வெளையாட்டு போனாப் போவுது. காதை நம்பித்தான் நான் சோறு தின்றேன். அதுலயே இப்பக் கோளாறு வந்துருச்சு.”

பலகையை மட்டும் திருப்பித் தரவில்லை. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணி எண்ணி வீட்டுக்குப் போனார். அன்றைக்கு எதிரே வந்த யாருக்கும் அவர் பதில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் பேக்டரி வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லு. பொம்மையோட கை எந்த எடத்துல இருக்கு?”

பலகையில் கை இருக்கும் இடத்தில் அவர் விரலை வைத்தேன்.

“கடைசி ஆணி அதுக்கு மேலயா, கீழயா?”

“கீழதான் அண்ணே.”

“பந்து கைக்கு வருதுன்னா கைக்கு மேலதான வரணும்? கைக்குக் கீழ அதுக்கு என்னா வேல?”

மெஷினைப் பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கைக்குக் கீழே இருந்தது உருண்டையான பந்தே இல்லை. நசுங்கிக் கிடக்கிற பந்து. விட்டால் மட்டும் தெரிகிற படம். தூளில் கிடப்பதை எல்லாம் பொறுக்கிப் பழகிய கண் இல்லையா, அதையும் சேர்த்துப் பொறுக்கிவிட்டேன்.

சொன்னேன். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார் பாருங்கள், உள்ளேயிருந்து பிட்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“விழுந்த பந்துக்கும் ஒரு ஆணி அடிச்சிருக்கியே தங்கச்சி! நானும் ஒவ்வொரு தடவையும் அது விழற வரைக்கும் மரியாதையாக் காத்திருந்து கைய நீட்டிருக்கேன்!”

“மன்னிச்சிருங்க அண்ணே. என்னாலதான் பெட்டியும்…”

“எதுக்கு மன்னிப்பு? எங்காது பதினொண்ணுதான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் உன் ஆணிய நம்பிட்டு அத அடக்கிட்டேன். காது நல்லாத்தான் இருக்கு. அது போதும் எனக்கு.”

சுத்தியல் வாங்கி அந்த ஆணியைத் தானே பிடுங்கினார். வளையாமல் நேராக வந்தது. தூக்கிப் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குஞ்சுக்குப் பதினொன்று, தவளைக்கு ஏழு. அன்றைக்கு முதல் பெட்டியை இரண்டே தட்டு தட்டினார். “ஆச்சு.” கிராணி ஏற்றிப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது.

அதற்கப்புறம் அவரை விளையாட விட்டுப் பார்க்கணுமே! இருபது, முப்பத்திரண்டு, நாற்பத்தொன்று. தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதைக் கேட்பது போல உட்கார்ந்திருப்பார். இரண்டு எண்ணிக்கையை ஒரே நேரத்தில் தலைக்குள் ஓட்டுவது சாதாரணம் இல்லை. நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஐந்தோடு என் குஞ்சு தவளையாகிவிட்டது.

நாற்பத்தொன்று வந்த அன்றைக்கு என் தம்பி லோரி நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் உச்சியில் பேர் இருக்கிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளும்.

“எல்லாம் குருட்டாம்போக்குல விழுது” என்றான்.

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் முகம் வெளுத்துவிட்டது. காம்பு மேசையில் பன்னிரண்டு ஜோடிக் கையும் நின்றது. அண்ணன் அவன் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. ஒரு பெட்டியைத் தட்டப்போகிற மாதிரி இருந்தது முகம்.

“குருட்டாம்போக்குன்னா என்னான்னு தெரியுமா தம்பி? நீங்கள்லாம் கால் போன போக்குல நடக்குறீங்க. பேசிக்கிட்டே நடக்குறீங்க, பராக்குப் பாத்துக்கிட்டே நடக்குறீங்க. நான் அறுநூத்திப் பன்னண்டு அடி எண்ணி நடக்குறேன். ஒண்ணு விட்டா வாய்க்கால்ல கெடப்பேன். பத்து வருசமா விழுந்ததில்ல. அதுக்குப் பேருதான் குருட்டாம்போக்கு. நீ வெளையாடுறது கண்ணாம்போக்கு.”

அகராதியில் இருக்கிற அர்த்தம் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அன்றையிலிருந்து என்னிடம் இந்த அர்த்தம்தான். யாராவது ஒரு வேலையை ஒரு பிசகில்லாமல் செய்தால் இன்றைக்கும் என் வாயில் வருவது ‘குருட்டாம்போக்குல செஞ்சிருக்கான் பாரு’ என்பதுதான். கேட்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்ய?

தம்பி தரையைப் பார்த்தபடியே பேசினான். “சனிக்கெழம நாலு மணிக்கு லோரி ஏத்திட்டுக் கெளம்புறேன் அண்ணே. மெஷினையும் கொண்டு போயிக் குடுத்தாகணும்” என்றான். “அன்னிக்கு பேக்டரி மெஷின் எல்லாம் நின்ன பெறகு வெளையாடுங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. நீங்க எவ்ளோ எடுத்தாலும் பலகையில எழுதுறேன்.”

சனிக்கிழமை பேக்டரி மத்தியானத்தோடு நின்றது. ரோலர் ஓய்ந்து, டிரையர் ஓய்ந்து, இவ்வளவு பெரிய கட்டடம் இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று தோன்றியது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தார். கால் பக்கத்தில் ஒரு மெல்லிய ரீப்பர் கட்டையைப் போட்டு, அதற்கு இந்தப் பக்கம் பத்து சோடா மூடியை வரிசையாக வைத்தார். அது எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

மெஷினைக் கையில் வாங்கினார். மழை வந்துவிட்டது.

எங்கள் மலை மழைதான் தெரியுமே. தகரக் கூரையில் சரளைக்கல்லைக் கொட்டுகிற மாதிரி இறங்கியது. பக்கத்தில் நிற்கிறவள் இருமினாலே கேட்கவில்லை. குஞ்சு எங்கே, தவளை எங்கே? தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று அடித்திருந்தது. “மழ விடட்டும் அண்ணே” என்று அவர் காதருகில் போய்க் கத்தினான். விடாது என்று அவனுக்கும் தெரியும்.

அண்ணன் மெஷினைத் தூக்கித் தாடை எலும்பில் வைத்து அமுக்கினார், பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. பொத்தான் மேல் இரண்டு கட்டைவிரலும் இருந்தன. கண்ணாடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தரம் சோதித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். எலும்பு வழியாகக் கேட்கிறது என்று அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார். ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்குச் சத்தமும் இல்லை, படமும் இல்லை. மழையும் அவருடைய கட்டைவிரலும்தான். அப்போதுதான் முதல் தடவையாக எங்களுக்கு ஒன்றுமே தெரியாமல், அவர் ஒருத்தருக்கு மட்டும் எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய கால் பெருவிரல் நகர்ந்து ஒரு சோடா மூடியைக் கட்டைக்கு அந்தப் பக்கம் தள்ளியது. அப்புறம் இன்னொன்று. கங்காணியம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினார். எனக்கு வலித்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கட்டைவிரல் வேகமாகிக்கொண்டே போனது. ஆறாவது மூடி. ஏழாவது. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

திடீரென்று கையை இறக்கினார். “குஞ்சும் தவளையும் ஒண்ணாக் கத்திருச்சு” என்றார்.

தம்பி பாய்ந்துபோய் மெஷினை வாங்கிக் கண்ணாடியைப் பார்த்தான். அவன் தோளுக்கு மேலே நானும் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மழைக்கு மேலே கேட்கிற மாதிரி, “நூறு! அண்ணே நூறு!” என்று கத்தினான்.

எல்லாரும் ஆரவாரம் பண்ணினார்கள். அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு அவன் ஏழு பாயிண்ட் அபராதம் கட்டுகிறான் என்று எனக்குப் புரிந்தது. அவனைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் சேர்ந்து கை தட்டினேன். பிரஷை மையில் தோய்த்து அவன் பலகைக்கு முன்னால் போய் நின்றான்.

அண்ணன் காலால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நில்லு தம்பி. ஒம்பது மூடி தாண்டிருச்சு. பத்தாவது மூடி இங்கயேதான் இருக்கு. ஒரு மூடிக்குப் பத்து. ஒம்பதாவதத் தள்ளுன பெறகு நான் புடிச்சது மூணுதான் தம்பி. தொண்ணூத்தி மூணு. நூறுன்னு நீ எழுதினா அது உன் நூறு. என்னுது இல்ல.”

அப்போதுதான் நான் தலையைக் குனிந்தேன். தம்பி திரும்பி, அண்ணன் பேரை எழுதி, பக்கத்தில் தொண்ணூற்று மூன்று என்று எழுதினான். மூன்றின் வால் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

“எத்தனாவது வரி?” என்று கேட்டார் அண்ணன்.

“மேலேருந்து நாலாவது அண்ணே,” என்றேன். “தொடாதீங்க, மை ஈரமா இருக்கு.”

“காஞ்சாலும் மை என் விரலுக்குப் பேசாது தங்கச்சி.”

எழுந்து வந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். நான் விழுந்த பந்துக்கு அடித்து, அவர் பிடுங்கி வைத்திருந்த அந்த ஆணி வெளியே வந்தது. பிட்டரிடம் சுத்தியல் கேட்டு வாங்கினார். பலகையின் ஓரத்தை மேலேயிருந்து விரலால் அளந்துகொண்டே வந்து, மை படாத விளிம்பில், இங்கேதானே என்று என்னிடம் கேட்டு, நாலாவது வரிக்கு நேராக ஆணியை நிறுத்தினார். இரண்டே தட்டு. ஆணித் தலையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, சுத்தியலை என் தம்பியின் கையில் கொடுத்தார்.